மார்ச்சிங் பேண்டில் சேரும் பிள்ளைகள்: டெக்சாஸ் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

மகனையும் மகளையும் டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளி மார்ச்சிங் பேண்டில், அதாவது வாத்தியம் வாசித்துக்கொண்டே மைதானத்தில் அணிவகுத்து நடக்கும் இசைக்குழுவில் சேர்த்து, இருவரும் முழுதாக முடித்ததைப் பார்த்த தந்தை என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பேண்டில் சேர்ந்தால் படிப்பு கெட்டுவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். மகன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான்.

பதில்: பள்ளி வாரத்தில் வகுப்பு நேரத்துக்கு வெளியே 8 மணி நேரத்துக்கு மேல் ஒத்திகை வைக்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. சனிக்கிழமைகள் அந்தக் கணக்கில் வாரா. ஆகவே செப்டம்பர் முதல் நவம்பர் வரை வார இறுதிகள் உங்கள் கையில் இருக்காது. 1984இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, ஒரு பாடத்தில் 70க்குக் கீழே மதிப்பெண் இறங்கினால் குறைந்தது மூன்று வாரம் போட்டியில் பங்கேற்க முடியாது. ஹானர்ஸ், ஏ.பி. போன்ற கடினமான மேல்மட்டப் பாடங்கள் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. என் மகள் வியாழன் இரவே வீட்டுப்பாடத்தை முடித்துவிடப் பழகியது இந்தக் கட்டாயத்தால்தான். நான் சொல்லி அது நடந்திருக்காது.

கேள்வி: வரிசையாக நடப்பதற்கு இவ்வளவு ஒத்திகை எதற்கு?

பதில்: நடப்பதாகத் தெரிவதுதான் அந்தப் பயிற்சியின் வெற்றி. ஐந்து கஜத்துக்கு எட்டுக் காலடி வைக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு காலடியும் 22.5 அங்குலம். குதிகாலை முதலில் ஊன்றி, பாதத்தை விரல்வரை உருட்டி இறக்காவிட்டால் உடல் குலுங்கும், ஊதும் சுரமும் குலுங்கும். மைதானத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'டாட்' எனப்படும் தனி இடம் உண்டு. ஒரு நிகழ்ச்சிக்குள் அப்படிப் பல பத்து இடங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒலி 30 கஜம் கடக்க ஏறத்தாழ 12இல் ஒரு பங்கு நொடி ஆகிறது என்பதால், முன்வரிசையில் நிற்பவர் ஒலிக்கும் தாளத்தைப் பின்னால் இருப்பவர் காதால் பின்பற்றினால், பார்வையாளரிடம் அவருடைய ஒலி தாமதமாகவே போய்ச் சேரும். அதனால்தான் முன்னால் நின்று கையசைத்துத் தாளம் காட்டும் மாணவத் தலைவரான டிரம் மேஜரின் கையைக் கண் விடக் கூடாது என்றும், பின்னாலிருந்து வரும் தாளத்தையே கேட்க வேண்டும் என்றும் மீண்டும் மீண்டும் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை ஒத்திகைக்கு வராவிட்டால், பக்கத்தில் நிற்பவர்களுக்கு இடைவெளியை அளக்க ஆளில்லை. தான் இல்லாவிட்டால் நான்கு பேர் தடுமாறுவார்கள் என்பதைப் பதினான்கு வயதில் உணர்வது, நாம் வீட்டில் கற்றுக்கொடுக்க முடியாத ஒன்று என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ஆகஸ்டு வெயிலை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதே, கார் நிறுத்துமிடத்தின் தார்த் தளத்தில்கூட ஒத்திகை நடக்கும். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், கோடை முழுவதும் ஏசி அறைக்குள் இருக்க விடாமல், ஜூலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நடக்க வையுங்கள். ஒரு கேலன் தண்ணீர்க் குடுவை, அகலமான தொப்பி, வயிறு நிறையக் காலை உணவு ஆகியவை கட்டாயம். தலைசுற்றினால் உடனே உட்கார்ந்து ஆசிரியரை அழைக்கச் சொல்லுங்கள்; பேச்சு குழறினால் அது அவசர மருத்துவ நிலை.

கேள்வி: மரத்தாலான நல்ல கிளாரினெட் வாங்கியிருக்கிறோம். மைதானத்துக்குக் கொடுத்தனுப்பலாமா?

பதில்: வேண்டாம். வெயிலிலும் ஈரத்திலும் மரம் வெடிக்கும். மைதானத்துக்குப் பிளாஸ்டிக் கிளாரினெட் போதும்.

கேள்வி: மிருதங்கம் கற்ற மகனுக்கு, பேண்டின் டிரம் பிரிவான டிரம்லைனில் எளிதாக இடம் கிடைக்குமா?

பதில்: லய உணர்வும் கணக்கும் நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் குச்சி பிடிக்கும் முறையையும் அடிப்படை அடிகளையும் புதிதாகத்தான் கற்க வேண்டும். தேர்வில் மேற்கத்திய குறியீட்டைப் பார்த்து வாசிக்கவும் சொல்வார்கள். காதடைப்பானை முதல் நாளிலேயே வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: அக்டோபரிலேயே விட்டுவிடுகிறேன் என்கிறாள் மகள்.

பதில்: காரணத்தை முதலில் கேளுங்கள். களைப்பு என்றால் சீசன் முடியும்வரை தொடரச் சொல்லுங்கள். நடை வடிவங்கள் அவளையும் கணக்கில் வைத்தே எழுதப்பட்டவை, அதன் பிறகு அவள் விருப்பம். காயமோ, மூத்த மாணவர்களின் சீண்டலோ காரணம் என்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் பேண்ட் டைரக்டரை நேரில் பாருங்கள்.