கணினி கேள்வி – பதில்: வேலூரின் பட்டை பாதியானது ஏன்?

கேள்வி: எங்கள் பள்ளியின் இணையப் பக்கத்துக்காக, வேலூர் மாவட்ட மக்கள்தொகையை 2001, 2011 கணக்கெடுப்புகளின்படி ஒப்பிடும் பட்டை வரைபடம் ஒன்றை, இணையப் பக்கங்களில் வரைபடம் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பான சார்ட்.ஜேஎஸ் கொண்டு அமைத்தேன். முதலில் அச்சுகள் மட்டுமே வந்தன. எண்களில் இருந்த காற்புள்ளிகளை நீக்கிய பிறகே பட்டைகள் தோன்றின. ஆனால் 34,77,317 ஆக இருந்த மக்கள்தொகை பத்தாண்டில் 16,14,242 ஆகிவிட்டதாகப் படம் காட்டுகிறது. பிழை எங்கே? வேறுபாடு தெளிவாகத் தெரிவதற்காக அச்சை 34 லட்சத்தில் தொடங்கலாமா?
– ஆசிரியர் ஒருவர், குடியாத்தம்

பதில்: பட்டைகள் முதலில் வராததற்குக் காரணம், மேற்கோள் குறிக்குள் காற்புள்ளியோடு எழுதப்பட்ட எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக ஏற்பதில்லை என்பதுதான். மேற்கோள் குறி இல்லாமல் காற்புள்ளியை மட்டும் விட்டிருந்தால் இன்னும் சிக்கல்: 34,77,317 என்பதை அது 34, 77, 317 என்று மூன்று தனி மதிப்புகளாகப் பிரித்துக்கொள்ளும். ஆகவே தரவில் வெறும் இலக்கங்களையே கொடுங்கள். திரையில் லட்சக் கணக்கில் காற்புள்ளி தெரிய வேண்டுமானால், வரைபட அமைப்புகளில் ‘லோகேல்’ என்னும் இடத்தில் இந்திய ஆங்கிலத்துக்கான குறியீட்டைக் குறித்தால் போதும்.

பாதியான பட்டைக்கு நிரல் பொறுப்பல்ல. 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நீங்கள் 2001க்குப் பிரிக்கப்படாத மாவட்டத்தின் எண்ணையும், 2011க்கு இன்றைய எல்லைக்குள் அடங்கும் பகுதியின் எண்ணையும் எடுத்திருக்கிறீர்கள். 2011 கணக்கெடுப்பின்படி இராணிப்பேட்டைப் பகுதியில் 12,10,277 பேரும், திருப்பத்தூர்ப் பகுதியில் 11,11,812 பேரும் இருந்தனர். மூன்றையும் கூட்டினால் 39,36,331 வருகிறது. உண்மையில் நிகழ்ந்தது 13 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வளர்ச்சி.

இதை அழகாகக் காட்ட, பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே பட்டையாக்கும் அடுக்குப் பட்டையே பொருத்தமானது. ‘பழைய வேலூர் மாவட்டம்’ என்று ஒரு தரவுத் தொகுதியை வைத்து, அதில் 2001க்கு மட்டும் மதிப்புக் கொடுத்து, 2011க்கு, மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’ (null) என்று விடுங்கள். இன்றைய மூன்று மாவட்டங்களுக்கும் தனித்தனித் தொகுதிகள் அமைத்து, அவற்றில் 2001ஐ அவ்வாறே விட்டுவிட்டு, இரண்டு அச்சுகளிலும் ‘ஸ்டாக்டு’ (அடுக்குதல்) என்பதை இயக்குங்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடும், ஆற்காடும் அரக்கோணமும் இராணிப்பேட்டையோடும் போனதை மாணவர்களுக்கு ஒரே பட்டையின் மூன்று நிறங்களில் காட்டிவிடலாம். 1981 வரை பின்னோக்கிச் செல்ல எண்ணினால் ஓர் எச்சரிக்கை: திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான் என்பதால், வேலூரும் அடங்கியிருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் எண்ணில் அந்தப் பகுதியும் சேர்ந்திருக்கும்.

அச்சை 34 லட்சத்தில் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன். பட்டை வரைபடத்தில் கண் அளப்பது முழு உயரத்தை. அடியை வெட்டிவிட்டால் 2011இன் பட்டை 2001இன் பட்டையைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு உயரமாக நிற்கும். மாவட்டமே நிரம்பி வழிந்ததாகப் பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். சார்ட்.ஜேஎஸ் பட்டை வரைபடத்தை இயல்பாகவே பூச்சியத்தில் தொடங்குகிறது. அதை அப்படியே விட்டுவிடுங்கள். சிறு வேறுபாட்டைத்தான் காட்ட வேண்டுமென்றால் கோட்டு வரைபடம் இருக்கிறது.

கேள்வி: வேலூர் மாவட்டத்தின் ஆறு வட்டங்களையும் (தாலுகாக்களையும்) பட்டைகளாக வரைந்தேன். கைப்பேசியில் வட்டப் பெயர்கள் சாய்ந்து விழுகின்றன. சில காணாமலே போகின்றன.
– வாசகி, காட்பாடி

பதில்: கீழ்வைத்தியணான்குப்பம் போன்ற ஒரு பெயர் கைப்பேசித் திரையில் பட்டைக்கு அடியில் எப்படி நேராக நிற்கும்? இடம் போதாதபோது சார்ட்.ஜேஎஸ் பெயர்களைச் சாய்க்கும்; அப்போதும் போதாவிட்டால் சிலவற்றை விட்டுவிடும். அதைத் தடுக்க ‘ஆட்டோஸ்கிப்’ என்பதை நிறுத்தலாம் என்றாலும், பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடும். அதைவிட, ‘இண்டெக்ஸ் ஆக்சிஸ்’ என்பதற்கு ‘ஒய்’ என்று கொடுத்துப் பட்டைகளைப் படுக்கையாக்கிவிடுங்கள்; பெயர்கள் இடப்பக்கம் வரிசையாக அமரும். இந்த அமைப்பு மூன்றாம் பதிப்பிலிருந்துதான் உண்டு. பழைய பதிப்பில் ‘ஹாரிசாண்டல் பார்’ என்ற தனி வகையையே பயன்படுத்த வேண்டும்.