அப்பாவின் பட்டறை உலோகத்தை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: வீட்டின் பின்புறத்தில் நாற்பது ஆண்டுகள் லேத் பட்டறை நடத்திய என் தந்தை சில மாதங்களுக்கு முன் காலமானார். இயந்திரங்களை அவருடைய நண்பர் விலைக்கு வாங்கிக்கொண்டார். சுவரோரம் சாய்த்து வைத்த தண்டுகளும், மேசைக்கு அடியில் அடுக்கிய தகடுகளும், டப்பா டப்பாவாகத் துண்டுகளும் அப்படியே கிடக்கின்றன. எது பித்தளை, எது வெண்கலம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்லி, இந்த வாரமே வண்டி கொண்டுவருவதாகக் கூறுகிறார். தம்பி கொடுத்துவிடலாம் என்கிறான், அம்மா தயங்குகிறார். நாங்கள் மூன்று பிள்ளைகள். என்ன செய்வது?

பதில்: இந்த வாரம் வண்டி வர வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். மழையும் ஈரமும் படாத இடத்தில் இருக்கும் உலோகம் ஓரிரு மாதங்களில் வீணாகிவிடாது. அதற்குள், விற்கும் உரிமை யாருக்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உயில் இருந்தால் அதை நிறைவேற்றும் பொறுப்பாளரும், இல்லாவிட்டால் சட்டப்படியான வாரிசுகள் அனைவரும் எழுத்தில் சம்மதித்த பிறகே எதுவும் வெளியே போக வேண்டும். வேலை செய்து தரச் சொல்லி வாடிக்கையாளர்கள் விட்டுச்சென்ற பொருள் உங்கள் தந்தையின் சொத்தில் சேராது. வெல்டிங் வாயு சிலிண்டர்களும் பெரும்பாலும் வாயு நிறுவனத்துக்கே சொந்தமானவை. அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரே தொகை சொல்லும் வியாபாரி, குவியலில் இருக்கும் மலிவான உலோகத்தை மனத்தில் வைத்தே விலை சொல்வார். ஆகவே உங்கள் லாபம் முழுவதும் பிரித்து வைப்பதில்தான் இருக்கிறது. எந்தத் தண்டு எந்த உலோகம் என்பது உங்கள் தந்தைக்குத் தெரிந்திருந்தது; அந்த அறிவின் மிச்சம் தண்டுகளின் முனைகளில் இருக்கக்கூடும். வண்ணப் பூச்சு, பொறித்த எண், சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய எழுத்து ஆகியவற்றைத் துடைக்காமல், அறுக்காமல் முதலில் படம் எடுத்துவையுங்கள். வண்ணக் குறியீடு விற்பனையாளருக்கு விற்பனையாளர் மாறும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் பழைய ரசீதுகளோடும் அவருடைய குறிப்பேட்டோடும் ஒப்பிட்டால் பல தண்டுகளின் அடையாளம் வெளிப்படும்.

குறியில்லாதவற்றுக்கு ஒரு காந்தமும், ஒரு அரமும், ஒரு தராசும் போதும். சாதாரண இரும்பும் வார்ப்பிரும்பும் காந்தத்தில் உறுதியாக ஒட்டும். செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் ஆகியவை ஒட்டா. எவர்சில்வரில் 304, 316 ஆகிய ரகங்கள் ஒட்டாது, அல்லது மிக லேசாக ஒட்டும். ஆனால் எவர்சில்வரிலேயே ஒட்டும் ரகங்களும் உண்டு. எனவே துருவே இல்லாமல் பளபளப்பாக இருக்கும் தண்டு காந்தத்தில் ஒட்டினாலும் அதைத் தனியாகவே வையுங்கள். அரத்தால் ஓரிடத்தில் தேய்த்தால் உள்ளே இருக்கும் நிறம் தெரியும்: செம்பு சிவப்பு, பித்தளை மஞ்சள், வெண்கலம் இரண்டுக்கும் இடைப்பட்ட செம்பழுப்பு. பெரிலியம் என்ற குறிப்பு உள்ள செம்புத் துண்டை மட்டும் அரத்தால் தொடவே வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு.

நிறத்திலும் ஐயம் தீராவிட்டால் ஆர்க்கிமிடீஸ் முறை கைகொடுக்கும். துண்டை நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு ஒரு முறையும், நீரில் முழுக அமிழ்த்தி இன்னொரு முறையும் எடை பாருங்கள். காற்றில் 850 கிராம் இருந்தது நீரில் 750 கிராம் காட்டினால் குறைந்தது 100 கிராம். 850-ஐ 100-ஆல் வகுத்தால் 8.5, அது பித்தளையின் அடர்த்தி. அலுமினியத்துக்கு 2.7, வார்ப்பிரும்புக்கு ஏறக்குறைய 7.2, சாதாரண எஃகுக்கு 7.85, செம்புக்கு 8.96, ஈயத்துக்கு 11.3 வரும். உள்ளே குழி உள்ள வார்ப்புகளில் இந்தக் கணக்கு பிசகும்.

நீண்ட தண்டுகளைத் தராசில் ஏற்றத் தேவையில்லை. விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் உருண்டை எஃகுத் தண்டின் ஒரு மீட்டர் எடை கிலோவில் கிடைக்கும், 25 மி.மீ. தண்டு மீட்டருக்குச் சுமார் 3.86 கிலோ. பித்தளையானால் அதை 1.08-ஆல் பெருக்குங்கள், அலுமினியம் எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வியாபாரியின் தராசு வரும் முன்பே உங்கள் தாளில் எடை எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இனி விலை. ஒவ்வோர் உலோகத்துக்கும் பழைய உலோகமாக உருக்கப்போகும் விலை ஒன்று, வேலைக்கு உதவும் மூலப்பொருளாக விற்கும் விலை ஒன்று என இரண்டு உண்டு. செம்பு, அலுமினியம், நிக்கல் ஆகியவற்றுக்கு லண்டன் உலோகச் சந்தையில் விலை வெளியாகிறது. பழைய உலோக விலையும் அதையொட்டியே ஏறி இறங்கும், ஆனால் அது தூய உலோகத்தின் விலை என்பதால் உங்களுக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். 304 எவர்சில்வரில் சுமார் 8 சதவீதம் நிக்கல் இருப்பதால்தான் அது சாதாரண எஃகைவிட உயர்ந்த விலைக்குப் போகிறது. நேராகவும் அளவு குறையாமலும் இருக்கும் பித்தளை, வெண்கல, எவர்சில்வர் தண்டுகளைச் சிறு பட்டறைக்காரர்களும், மாதிரி எந்திரங்கள் செய்யும் ஆர்வலர்களும் உருக்கப்போகும் விலையைவிட நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்; அவர்களுக்கு ஒரு சாண் துண்டுகூடப் பயன்படும். துருப்பிடித்த சாதாரண இரும்புக்கு இந்த உழைப்பு தேவையில்லை. அதை எடைக்கே போட்டுவிடுங்கள்.

சிறிய டப்பாக்களை யாரும் இரும்போடு கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசல் உளிகளின் நுனியில் பொருத்தும் கார்பைடு துண்டுகள் கைக்கு அடங்கும் அளவே இருந்தாலும் இரும்பைப்போல் இரு மடங்கு கனமானவை; டங்ஸ்டன் கலந்த அவற்றை விலைக்கு எடுக்கத் தனி வியாபாரிகள் இருக்கிறார்கள்.

பிரித்தபின், உலோகம், அளவு, எடை, அன்றைய விலை, தேதி ஆகியவற்றை ஒரே பட்டியலாக எழுதி மூவரும் கையொப்பமிடுங்கள். சொத்துக் கணக்குக்கும் பங்கீட்டுக்கும் அதுவே சான்று. பிறகு குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் வகைவாரியாக, கிலோவுக்கு என்ன விலை என்று கேளுங்கள். பட்டியல் எழுதும் நாளில் அம்மாவும் பட்டறையில் இருக்கட்டும். அவருடைய தயக்கத்துக்குக் காரணம் ஏதோ ஒரு துண்டாகவோ, உங்கள் தந்தை பாதியில் விட்ட ஒரு வேலையாகவோ இருக்கலாம். அவர் வைத்துக்கொள்ள விரும்புவதை எடைபோடும் முன்பே தனியே எடுத்துவைத்துவிடுங்கள்.