டாக்டரா, பேறுகாலத் தாதியா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிங்கப்பூரில் தொடக்கக்கல்லூரி முதலாண்டில் பயிலும் உங்கள் இளைய மகள், மருத்துவப் படிப்புக்கு முயலக்கூடிய அளவுக்கு மதிப்பெண் பெற்றும் பேறுகாலத் தாதியாகவே விரும்புகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். லூபஸ் (உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் உடலையே தாக்கும் நோய்) உள்ள மூத்த மகள் கருவுற்றிருந்த காலத்தில் அவளுடன் மருத்துவமனைக்குப் போய்வந்ததிலிருந்துதான் இந்த எண்ணம் வேரூன்றியது என்றும் சொல்லியிருந்தீர்கள். "நோயுள்ள கர்ப்பிணிகளைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் டாக்டராகவே ஆகிவிடலாமே" என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தஸ்தையும் சம்பளத்தையும் மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட ஒரு கர்ப்பிணியைச் சுற்றி யார் எந்தப் பொறுப்பைச் சுமக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உடல்நலக் குறை எதுவும் இல்லாத பெண்ணின் பேறுகாலத்தைப் பேறுகாலத் தாதியே முன்னின்று கவனித்துக்கொள்ள முடியும். பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் அது நடைமுறையில் உள்ளது. 17,674 பெண்கள் பங்கேற்ற 15 ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு, தொடக்கம் முதல் இறுதிவரை தாதியரே தொடர்ந்து கவனித்த பெண்களிடையே குறைமாதப் பிரசவமும் கருவி வைத்து எடுக்கும் பிரசவமும் குறைவாக இருந்ததைக் காட்டியது. உங்கள் மகள் இணையத்தில் இதையெல்லாம் படித்திருப்பாள். படித்துவிட்டு உங்களிடம் வாதாடியும் இருப்பாள். அதே மீளாய்வு, கடுமையான உடல்நலச் சிக்கல் உள்ள பெண்களுக்கு இம்முடிவுகளைப் பொருத்துவதில் எச்சரிக்கை தேவை என்றும் சொல்கிறது. அவள் கவனிக்க விரும்புவதோ சரியாக அந்தப் பெண்களைத்தான். அதனால் "தாதியர் கவனிப்பே மேல்" என்ற அவளுடைய வாதமும் சரி, "டாக்டர் இருந்தால் போதும்" என்ற உங்களுடைய வாதமும் சரி, இந்த இடத்தில் முழுமையாகப் பொருந்தவில்லை.

உங்கள் மூத்த மகளின் நோயையே எடுத்துக்கொள்வோம். லூபஸ் உள்ள பெண் கருவுறுவதற்கு முன்பாக நோய் குறைந்தது ஆறு மாத காலம் அடங்கியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துவார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபெனோலேட் போன்ற மருந்தை முன்கூட்டியே நிறுத்தி வேறொன்றுக்கு மாற்ற வேண்டும்; லூபஸைக் கட்டுக்குள் வைக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்தைப் பொதுவாக நிறுத்தக்கூடாது. ரத்தத்தில் ஆன்டி-ரோ எனப்படும் எதிர்ப்பொருள் இருந்தால் கருவின் இதயத்துடிப்பைத் தனியாகக் கண்காணிக்க வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம்விடச் சிக்கலான கட்டம் கர்ப்பத்தின் பிற்பகுதியில் வரலாம். ரத்த அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் தெரிகிறது என்றால், அது லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்குவதாலும் இருக்கலாம், கர்ப்ப காலத்துக்கே உரிய முன்சூல்வலிப்பாகவும் (பிரீஎக்ளாம்சியா) இருக்கலாம். முன்னதற்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும்; பின்னதற்குக் குழந்தையை வெளியே எடுப்பதுதான் முடிவான தீர்வு. 30 வாரக் கருவைச் சுமக்கும் பெண்ணுக்கு இவ்விரண்டில் எது என்று பிரித்தறிந்து முடிவெடுப்பது மகப்பேறு மருத்துவரும் மூட்டு-முடக்குவியல் நிபுணரும், தேவைப்பட்டால் சிறுநீரக நிபுணரும் சேர்ந்து சுமக்கும் பொறுப்பு. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் தாதியிடம் அந்த முடிவு விடப்படுவதில்லை, விடப்படவும் கூடாது.

அதற்காகத் தாதியின் பங்கு சிறியது என்று எண்ணிவிடாதீர்கள். அந்த அழுத்த ஏற்றத்தை முதலில் பார்ப்பவர், "தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா" என்று கேட்டு விடையில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து மருத்துவரை அழைப்பவர் பெரும்பாலும் தாதிதான். நம் இந்தியச் சமூகத்தில் அதிகம் காணப்படும் நீரிழிவை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இன்சுலின் அளவை முடிவு செய்வதும், முன்பே நீரிழிவு உள்ள பெண்ணுக்குப் பிரசவத்தை எந்த வாரத்தில் வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதும் மருத்துவரின் வேலை. பிரசவ வலி தொடங்கிய பின் மணிக்கொரு முறை ரத்தச் சர்க்கரையைப் பார்த்து லிட்டருக்கு 4-லிருந்து 7 மில்லிமோலுக்குள் வைத்திருப்பதும், குழந்தையின் இதயத்துடிப்பு வரைபடத்தைக் கண்ணை எடுக்காமல் கவனிப்பதும், நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் இன்சுலின் தேவை சட்டென்று குறையும் என்பதை நினைவில் வைத்துச் செயல்படுவதும் தாதியின் கையில். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து இருப்பதால் முதல் அரைமணி நேரத்துக்குள் பாலூட்ட உதவுவதும் அவர்தான். சோறும் இட்லியும் அன்றாட உணவாக உள்ள ஒரு பெண்ணிடம், மாமியார் அன்போடு செய்து தரும் இனிப்பை எப்படி மறுப்பது என்பதுவரை பேசும் பொறுமையும் நேரமும் பரிசோதனை அறையில் மருத்துவருக்குக் கிடைப்பது அரிது.

ஆகவே உங்கள் மகளிடம் கேட்க வேண்டிய கேள்வி, "டாக்டருக்கு என்ன குறைச்சல்?" என்பதல்ல. அக்காளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் மனத்தை ஈர்த்தது எது என்று கேளுங்கள். மருந்தை மாற்றலாமா, இப்போதே குழந்தையை எடுக்கலாமா என்று மருத்துவர்கள் விவாதித்த அந்தச் சிந்தனையா, அல்லது பயந்திருந்த அக்காளிடம் ஒருவர் மீண்டும் மீண்டும் வந்து பார்த்துப் பேசிய விதமா? முதலாவது என்றால் அவள் மருத்துவம் படிப்பதுதான் பொருத்தம். அதை விட்டுவிட்டால், தாதியாகி 35 வயதில் ஒவ்வொரு முறையும் பிறருடைய முடிவுக்காகக் காத்திருக்க நேரும்போது மனம் கசந்துபோவாள். இரண்டாவது என்றால், 12 ஆண்டுகள் செலவிட்டு மருத்துவராகி, நாளொன்றுக்கு எத்தனையோ பேரை வேகமாகப் பார்த்து அனுப்ப வேண்டிய நிலையில் அவளுக்கு நிறைவு கிடைக்காமல் போகலாம். இன்னொன்றையும் அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். நியூசிலாந்தில் இருப்பதுபோல் தனித்து இயங்கும் பேறுகாலத் தாதியாகச் சிங்கப்பூரில் வாழ்க்கைத்தொழில் அமைவது கடினம். இங்கே பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன, பொறுப்பு மகப்பேறு மருத்துவரிடம் இருக்கிறது. நோயுள்ள கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை அது சரியான ஏற்பாடு என்பதே என் கருத்து.

படிப்புப் பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாதிமைக்கு சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையத்தில் 3 அல்லது 4 ஆண்டுப் பட்டம் இருக்கிறது. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்திலும் தாதிமைப் பட்டம் உண்டு. நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் 3 ஆண்டுப் பட்டயக் கல்வி வழியாகவும் இத்துறைக்கு வரலாம், ஆனால் தொடக்கக்கல்லூரியில் இருப்பவளுக்குப் பட்டப்படிப்பே இயல்பான வழி. இங்கு வழக்கமான முறை, முதலில் தாதியாகப் பதிவுபெற்று, சில காலம் வார்டில் பணியாற்றி, அதன்பின் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பேறுகாலத் தாதிமைக்கான உயர் பட்டயக் கல்வியை முடிப்பது. பள்ளியிலிருந்து நேரே பேறுகாலத் தாதியாகிவிடலாம் என்று அவள் எண்ணியிருந்தால் அதைத் திருத்த வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் முதியோர் வார்டிலோ அறுவைசிகிச்சை வார்டிலோ கழியக்கூடும். நாள்பட்ட நோயுள்ள கர்ப்பிணிகளைக் கவனிக்க விரும்புகிறவளுக்கு அது வீணான காலம் அல்ல. நீரிழிவும் சிறுநீரக நோயும் உடலை எப்படி ஆட்டிவைக்கின்றன என்பதை அங்கேதான் கற்றுக்கொள்வாள்.

மருத்துவம் என்றால் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியிலோ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியிலோ 5 ஆண்டுகள், பயிற்சி மருத்துவராக ஓராண்டு, பிறகு மகப்பேற்று நிபுணத்துவப் பயிற்சி ஏறத்தாழ 6 ஆண்டுகள். தாய்-கரு மருத்துவம் என்ற உட்பிரிவு, அதாவது நோயுள்ள கர்ப்பிணிகளையும் சிக்கலான கருக்களையும் குறிப்பாகக் கவனிக்கும் பிரிவு, அதற்கும் மேலே. நிபுணத்துவப் பயிற்சியில் இடம் கிடைப்பதும் போட்டிக்குரியது. நீங்கள் 5 ஆண்டுப் படிப்பை மட்டும் கணக்கில் வைத்துப் பேசுவதுபோல் தோன்றியதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

உங்கள் கடிதத்தில் இடம்பெறாத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, அது உங்கள் மகளுக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். தாதியாக அனுபவம் பெற்றபின் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைத் தாதிமைப் பட்டம் பெற்று, பயிற்சிக் காலத்தையும் முடித்தால், மேம்பட்ட பயிற்சித் தாதியாகச் சிங்கப்பூர்த் தாதியர் மன்றத்தில் பதிவு செய்யலாம். இத்தகைய தாதியர் நோயாளிகளைப் பரிசோதித்து, மருத்துவருடன் உடன்பட்ட வரம்புக்குள் சிகிச்சையை நடத்துகிறார்கள். 2018-இல் தொடங்கிய கூட்டு மருந்துப் பரிந்துரைத் திட்டத்தின்கீழ் தகுதிபெற்றவர்கள் மருந்தும் எழுதித் தரலாம். உட்கார்ந்து பேசும் நேரத்தையும் ஓரளவு முடிவெடுக்கும் அதிகாரத்தையும் சேர்த்து விரும்புகிறவர்களுக்கு இது ஒரு நல்ல இடம். நீரிழிவுக் கல்வியளிக்கும் தாதி என்ற நிபுணத்துவமும் இதற்கு அருகில்தான் இருக்கிறது.

வேலைவாய்ப்பைப் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். பழைய கண்டாங் கெர்பாவ் மகப்பேறு மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து அது கின்னஸ் சாதனையானது. அந்தக் காலம் போய்விட்டது. 2023-இல் இந்நாட்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 0.97 ஆக இறங்கியது. பிரசவமே குறைந்துவரும் நாட்டில் இந்தப் படிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனால் பெண்கள் வயது கூடிய பிறகு கருவுறுகிறார்கள். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், தைராய்டுக் குறைபாடு ஆகியவற்றோடு கருவுறுகிறவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். பிரசவங்களின் எண்ணிக்கை குறைந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் கவனிப்பு கூடிக்கொண்டேதான் போகிறது என்பது என் மதிப்பீடு. தவிர, அவள் முதலில் பதிவுபெற்ற தாதி. பேறுகாலப் பிரிவில் இடம் சுருங்கினாலும் வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ள முடியும். அரசாங்க மருத்துவமனைகளில் நீண்டகாலம் பணிபுரியும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் மொத்தம் 100,000 வெள்ளிவரை வழங்கும் 'ஏஞ்சல்' திட்டத்தைச் சுகாதார அமைச்சு 2024-இல் அறிவித்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவுப் பணியும் விழா நாள் பணியும் உண்டு, அதை மறைக்கவில்லை. தீபாவளியன்று பிரசவ அறைக்கு விடுமுறை கிடையாது. ஆனால் மகப்பேறு மருத்துவருக்கும் அதே நிலைதான்.

இப்போதைக்கு அவள் எந்தக் கதவையும் மூட வேண்டாம். மேல்நிலை வேதியியலையும் உயிரியலையும் விடாமல் படிக்கட்டும், ஏனென்றால் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க வேதியியலும், அதனுடன் உயிரியல் அல்லது இயற்பியலும் அந்த நிலையில் தேவை. மருத்துவம் என்ற எண்ணம் சிறிதேனும் இருந்தால், அடுத்த ஆண்டு நடுப்பகுதியிலேயே யூகேட் (UCAT) எனப்படும் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதியாக வேண்டும். மேல்நிலைத் தேர்வு முடிவு வந்தபின் யோசிக்கலாம் என்று விட்டுவிட்டால் அந்த ஆண்டு கைநழுவும். அதற்கிடையே, பள்ளி விடுமுறையில் மருத்துவமனையில் பணி அனுபவம் பெற வாய்ப்பு உண்டா என்று அவளுடைய கல்லூரியின் வாழ்க்கைத்தொழில் ஆலோசகரிடம் கேளுங்கள். மூத்த மகளையும் பேச விடுங்கள். தன்னைக் கவனித்தவர்களில் யார் தனக்கு என்ன செய்தார்கள் என்று சொல்ல அவளைவிடத் தகுதியானவர் உங்கள் வீட்டில் இல்லை.

பணி ஒப்பந்தம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மருத்துவப் பட்டம் பெறும் குடிமக்கள் 5 ஆண்டு அரசாங்கத்துறையில் பணியாற்ற வேண்டும். தாதிமைக்கு உதவிச்சம்பளம் பெற்றால் அதற்கும் பணி ஒப்பந்தம் உண்டு. ஆண்டுகள் எத்தனை என்பது உதவிச்சம்பளத்தைப் பொறுத்தது. கையெழுத்திடுவதற்கு முன், பேறுகாலத் தாதிமை உயர் பட்டயத்துக்கு எப்போது அனுப்புவார்கள், அப்போது ஒப்பந்தக் காலம் மேலும் நீளுமா என்ற இரண்டையும் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்