பைக்கை ஸ்டாண்டிலேயே விட்டு வாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 24. சொந்த ஊர் செய்யாறு பக்கம். ஒரகடம் அருகே ஒரு கிடங்கில் இரவு 10 முதல் காலை 6 வரை ஆர்டருக்குப் பொருள் எடுத்துக்கொடுக்கும் வேலை. கையில் ஸ்கேனரோடு விடிய விடிய நடை. 3 மணிக்கு மேல் கால் ஓடுவதில்லை. டார்கெட் குறைந்தால் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். நான்கு பேர் தங்கும் அறையில் பகலில் 3 மணி நேரம்கூடத் தூங்க முடியவில்லை. போன வாரம் பைக்கில் திரும்பும்போது ஒரு நொடி கண் சொக்கிவிட்டது. நான் சோம்பேறியா? வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கண் சொக்கியது என்று, அதைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை அது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிதானம் அளவுக்குக் குறைந்துவிடும். வண்டி ஓட்ட நம் சட்டம் விட்டுவைத்திருக்கும் வரம்பே 30 மில்லிகிராம்தான். நாளை முதல் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ திரும்புங்கள். பைக்தான் வழி என்றால், வேலை முடிந்ததும் கிடங்கிலேயே 20 நிமிடம் கண்ணயர்ந்து, முகம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

நீங்கள் சோம்பேறி இல்லை. விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் உடலின் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும், தூக்கம் அழுத்தும். இரவெல்லாம் ஒரே வேகத்தை எதிர்பார்க்கும் டார்கெட் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தத் திட்டை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பகல் தூக்கத்தைத்தான் நீங்கள் காப்பாற்றியாக வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். கடைசி டீயை இரவு 2 மணிக்குள் முடித்துவிடுங்கள். அறையில் இருப்பவர்களிடம் காலை 8 முதல் மதியம் 2 வரை சத்தம் வேண்டாம் என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் போனும் அணைந்திருக்கட்டும். தூங்குவதற்கு முன் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள், பசி எழுப்பிவிடும்.

கடைகள், நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. வேலை சற்று ஓயும்போது நீங்கள் உட்காரலாம். அது யாரும் போடும் பிச்சை அல்ல. சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கான பிடித்தம் 0.75 சதவீதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டி, இந்தத் தூக்கக்கேட்டை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேலையை விடுவதா என்பதை 3 மணி நேரத் தூக்கத்தோடு முடிவு செய்ய வேண்டாம். ஒரு மாதம் இப்படி இருந்து பாருங்கள். அப்படியும் தூக்கம் பிடிக்காவிட்டால் பகல் ஷிப்ட் கேளுங்கள். தர மறுத்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு அனுப்பும் பணம் நின்றுவிடுமே என்றுதான் யோசிப்பீர்கள். அதற்கு முன் அம்மாவிடம் அந்தப் பைக் விஷயத்தைச் சொல்லுங்கள். இதுவரை சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.