குண்டு மழையில் முளைத்த நலத்திட்டம்: பிரிட்டன் பற்றிக் கேளுங்கள்

1939 முதல் 1954 வரைதான் என் எல்லை. அதற்குள் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கே: குண்டு விழும்போது மருத்துவம், ஓய்வூதியம் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்?

ப: குண்டு பயத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 1939 செப்டம்பர் 1, போர் அறிவிக்க இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே நகரத்துப் பிள்ளைகளை ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மூன்று நாளில், தாய்மாரையும் சேர்த்து, சுமார் 15 லட்சம் பேர். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிக்குள் வாயு முகமூடி. ஏற்றுக்கொண்ட வீட்டம்மாக்களுக்குப் பேரதிர்ச்சி! தலை நிறையப் பேன், காலில் கிழிந்த கான்வாஸ் ஷூ, ராத்திரி நனையும் படுக்கை. முதலில் பெற்றவளைத் திட்டினார்கள், அப்புறம் அரசாங்கத்தை. சேரிப்பக்கமே போகாதவர்கள் வீட்டுக்குள் சேரி வந்து படுத்திருந்ததே!

கே: எல்லோருக்கும் அரசு மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியவர் பெவரிட்ஜ்தானே?

ப: இல்லை. பெவரிட்ஜ் 1942 டிசம்பரில் சமூகக் காப்பீடு பற்றிய அறிக்கை தந்தவர். பெவன் சுகாதார அமைச்சர், 1948 ஜூலை 5 அன்று சேவையைத் தொடங்கியவர். பெவின் போர்க்காலத் தொழிலாளர் அமைச்சர். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கே: போர் இல்லாவிட்டாலும் இந்த நலத்திட்டமெல்லாம் வந்திருக்கும். 1911லேயே நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தாரே?

ப: கொண்டுவந்தார், வேலைக்குப் போகிறவருக்கு. மனைவிக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் ஃபீஸ் கைக்காசுதான். முப்பதுகளில் வேலையில்லாதவர் உதவி கேட்டால், அதிகாரி வீட்டுக்கே வந்து துருவுவார். மகள் சம்பாதித்தால் அப்பாவின் உதவித்தொகையில் வெட்டு விழும். அந்தக் குடும்ப வருமானச் சோதனையை ஒழித்தது 1941ல், போருக்கு நடுவில். குண்டடி படுகிறவர்களுக்காக அரசு பணம் போட்டு ஒதுக்கிய மருத்துவமனைப் படுக்கைகளில், போகப்போக இடம்பெயர்ந்த பிள்ளைகளும் போர்த் தொழிலாளர்களும் படுத்தார்கள். 1940 முதல் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் தினம் ஒரு பைன்ட் பால், இரண்டு பென்னிக்கு. அதுவும் முடியாதவர்களுக்கு இலவசம். இதையெல்லாம் ருசி பார்த்தவர்களிடமிருந்து திரும்பப் பிடுங்க முடியுமா?

கே (அதே நண்பர்): முதல் உலகப் போருக்குப் பிறகு பிடுங்கினார்களே?

ப: சரியான அடி. வீரர்களுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு 1921ல் செலவைக் குறைத்தார்கள். போர் மட்டும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏமாற்றத்தை ஜனங்கள் மறக்கவில்லை. 1945ல் போரை ஜெயித்த சர்ச்சிலையே தோற்கடித்து, தொழிற்கட்சிக்கு 393 இடம் கொடுத்தார்கள்.

கே: பணம் எங்கிருந்து வந்தது?

ப: வாராவாரம் சம்பளத்தில் பிடித்த காப்பீட்டுச் சந்தா, வரி, அப்புறம் நாடு திவாலாகாமல் காப்பாற்றிய 375 கோடி டாலர் அமெரிக்கக் கடன். போரில் இந்தியாவிடம் வாங்கிய சரக்குக்கும் லண்டன் பாக்கி வைத்திருந்தது. பெவரிட்ஜ் பிறந்த ரங்பூர் வங்காளத்தில் இருந்த ஊர். அறிக்கை வந்த மறு வருடம் அதே வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் செத்தார்கள். புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: மருத்துவமனைகளை அரசுடைமை ஆக்கியவர் பெவின்தானே?

ப: மேலே படியுங்கள்.

கே: லண்டனில் என் மகனுக்குப் பல் டாக்டர் கிடைக்கவில்லை, என்ன செய்ய?

ப: அங்கே இருக்கிற யாரையாவது கேளுங்கள். பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் 1951ல் கட்டணம் வந்தது, அதை எதிர்த்து ஏப்ரலில் அமைச்சர் பதவியை விட்டார் பெவன். பெவின் இல்லை, அவர் அதே மாதம் இறந்துவிட்டிருந்தார்.