வீட்டில் பாஸ்தா செய்தால் ஏன் ஒட்டிக்கொண்டு குழைந்துவிடுகிறது?

பினாங்கில் மீகூனை (மெல்லிய அரிசி நூடுல்ஸ்) ஊறவைத்து அலசிப் பழகிய நம் கை, பாஸ்தாவையும் அப்படியே அலசிவிடுகிறது. முதலில் அதை விடுங்கள். மேலே படிந்திருக்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்துக்கொள்ளும். குழாயில் காட்டினால் அது போய்விடும்.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே போட்டு, முதல் 2 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். ஒட்டுவது அந்த நேரத்தில்தான். எண்ணெய் ஊற்றுவது வீண், மேலேதான் மிதக்கும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சரி, இறக்கிவிடலாம். வடிக்கும் முன் ஒரு குவளை கொதிநீரை எடுத்து வைக்க மறக்காதீர்கள். நான் சௌராஸ்தா மார்க்கெட்டில் வாங்கிய நெத்திலியைப் பூண்டு, காய்ந்த மிளகாயோடு எண்ணெயில் வதக்குவேன் (நெத்திலியிலேயே உப்பு இருப்பதால் கொதிநீரில் உப்பைக் குறைத்துவிடுவேன்). அப்புறம் பாஸ்தாவைப் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் புரட்டினால், எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து பளபளவென்று சாஸாகத் திரளும். சுடச்சுடச் சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் இறுகிவிடும்.