தினமும் ஒரு புது டிபன், மாத்திரை மட்டும் அதே அளவு

கேள்வி: என் கணவருக்கு வயது 53. நான்கு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை போடுகிறார். போன மாதம் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 7.8 என்று வந்தது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுக்க என்ன சமைப்பது என்று எழுதிவைத்து, தினமும் ஒரு புது ரெசிபி செய்து பார்க்கிறேன். தினைப் பொங்கல், ராகிக் கூழ், ஒருநாள் வெறும் காய்கறி சாலட் என்று போகிறது. புதுசு என்பதால் சில நாள் டிபன் தயாராக 9 மணி ஆகிவிடும். சாப்பிட்ட பிறகு பார்த்தால் ஒருநாள் 240 காட்டுகிறது. இன்னொரு நாள் வியர்த்துக் கை நடுங்குகிறது என்கிறார். சிறுதானியம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? இரண்டு மூன்று நாளுக்குச் சேர்த்துச் சமைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அந்த நடுக்கத்தைப் பார்ப்போம், மற்றதெல்லாம் பிறகு. வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதேபோல் கொடுங்கள். ஏறியபிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். மீட்டர் கையில் இல்லாவிட்டால், சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சிறுதானியத்தின் மேல் பழி போட வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இப்படித் தாழ்வது அபூர்வம். கிளிமெபிரைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து அது. அவர் ஏழரைக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, அடுப்பில் புது ரெசிபி வேகும்வரை 9 மணிக்குக் காத்திருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் இன்சுலினுக்கு வேலை செய்ய உணவே இல்லை. சாலட் மட்டும் சாப்பிட்ட நாளும் அப்படித்தான், அதில் மாவுச்சத்து மிகக் குறைவு. எனவே தட்டு முன்னால் வந்தபிறகு மாத்திரை. இந்த ஒரு பழக்கத்தை நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாம்.

240-க்கு வருவோம். அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால், கம்பு, தினை, ராகியில் 60 முதல் 70 கிராம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சில வீடியோக்களின் தலைப்பில் கத்துகிற அளவுக்கு இல்லை. அரிசிச் சோறு என்றால் கணக்குப் பார்த்துப் போடுகிற கை, தினைப் பொங்கல் என்றதும் தாராளமாகிவிடுகிறது. ‘உடம்புக்கு நல்லதுதானே, இன்னும் ஒரு கரண்டி’ என்று சொல்லாத வீடு குறைவு. அதிலும் குழைய வேகவைத்த பொங்கலும், மாவாக அரைத்துக் கரைத்துக் காய்ச்சிய கூழும் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறும். அதே தானியத்தை உதிரியாக வேகவைத்தோ, பருப்பு சேர்த்து அடையாகவோ செய்தால் ஏற்றம் மெதுவாக இருக்கும்.

ஆக, உங்கள் வாரத் திட்டத்தில் ருசி தினமும் மாறட்டும், ஒரு வேளையின் தானிய அளவு மாறக் கூடாது. ஒரே டம்ளரை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். அவர் பங்குக்கு எவ்வளவு அரிசி அளப்பீர்களோ அதே அளவுதான் தினையும் சாமையும். உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு செய்கிற அன்று தானியத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

ஞாயிறன்று எழுதும்போது டிபன் பெயரில் ஆரம்பிக்காமல் காயில் ஆரம்பியுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி உணவில் காய்கறியும் கீரையும் சேர்ந்து நாளுக்கு 400 கிராம் இருக்கட்டும் என்கிறது. ஒருவருக்கே வாரத்துக்கு ஏறக்குறைய 3 கிலோ! உழவர் சந்தைக்குப் பை எடுத்துப் போகும்போது இந்தக் கணக்கு நினைவிருக்கட்டும். கீரை முதல் இரண்டு நாளில் தீரவேண்டும், அவரை, கொத்தவரை, பீன்ஸ் நடுவில், பூசணியும் புடலையும் கடைசியில் என்று போட்டால் வீணாகாது. அப்புறம் பருப்பு, பயறு, முட்டை, மீன் என்று எந்த நாளுக்கு எது என்று எழுதுங்கள். தானியம் கடைசியில் வரட்டும். சாப்பிடும்போதும் காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது.

புது ரெசிபியை வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அவர் வீட்டில் இருக்கிற விடுமுறை நாளில். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 180-க்குள் இருந்தால் அந்த ரெசிபி வாரப் பட்டியலில் சேரலாம். தாண்டினால் அளவைக் குறைத்து இன்னொரு ஞாயிறு முயலுங்கள். மற்ற நாட்களில் கை பழகிய இட்லி, அடை, ராகி தோசை போதும், எட்டு மணிக்குத் தட்டில் இருக்கும்.

ஃப்ரிட்ஜில் வைப்பதில் தவறில்லை. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து உள்ளே வையுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தேவையானதை மட்டும் எடுத்து, கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள். சோறு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வெளியிலேயே நேரம்கழிய வைத்த சோற்றில் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மின்சாரம் நெடுநேரம் போன நாளில் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இன்றிலிருந்தே மாத்திரை நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், மீட்டர் அளவு நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு உங்கள் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். உணவு மாறியிருப்பதால் கிளிமெபிரைடு அளவைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தத்தில் கிரியாட்டினினும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரகம் மந்தமானாலும் இந்த மாத்திரை உடம்பில் தங்கி, சர்க்கரையை இப்படித் தாழ்த்தும்.